பிழை உள்ளவை பிழைத்தன

"ஊசியா, மூச்சா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஸ்பீக்கரில் வந்த குரல் ஒரு மணி நேரத்தில் நான்காவது முறையாக இதையே கேட்டது. குரலுக்குச் சொந்தக்காரர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர். அவர் கையில் ஆறு வயதுச் சிறுமி. குடல்வால் வெடித்துவிட்டது. நான்கு மணிக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் பிழைக்க மாட்டாள். திறக்க வேண்டுமென்றால் மயக்கம் கொடுக்க வேண்டும். அங்கேதான் வம்பு. அவளுக்குப் பிறவியிலேயே ஓர் அரிய நோய். உலகம் முழுக்கச் சல்லடை போட்டாலும் அது உள்ள குழந்தைகள் பதினொரு பேர்தான். அவர்களுக்கு மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினால் ஒரு கதை, மூச்சில் கொடுத்தால் இன்னொரு கதை. இரண்டில் ஒன்று ஆளைக் கொன்றுவிடும். எது என்பது பட்டியலில் எழுதியிருந்தது.

பட்டியல் இன்று காலையில் காணாமல் போயிருந்தது.

"பத்து நிமிஷம் கொடுங்க," என்று சொல்லிப் போனை வைத்தார் டாக்டரம்மா. பட்டியலைப் பதினைந்து வருடமாகத் தொகுத்து வருகிறவர் அவர்தான். நாலாயிரம் அரிய நோய்கள். நோய்க்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அந்தச் சிறுமியின் நோய்க்கு எண் 2217.

"போன வருஷம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் நான்தான் எழுதினேன்," என்றார். "யாரும் அச்செடுத்து வச்சுக்காதீங்க, பழசாயிடும், தளத்தையே பாருங்கன்னு. எல்லாரும் சொன்ன பேச்சைக் கேட்டுட்டாங்க."

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார் அண்ணி.

"நாலாயிரம் பக்கம்மா. இப்ப ஊசின்னு தோணுது. அடுத்த நிமிஷம் மூச்சுன்னு தோணுது. இதை வச்சு ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்றது?"

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. துப்பறிவது அவர் தொழில். எனக்கு இருந்த வேலை போனபோது, "வீட்ல சும்மா உட்கார்ந்து என் பொண்டாட்டி சமையலைக் குறை சொல்றதுக்குப் பதிலா அவகூடப் போய்ச் சுத்து" என்று அண்ணன் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து நான் உதவியாளன். சந்தோஷமாக இருந்தால் "தம்பி" என்பார். கோபம் வந்தால் "கொழுந்தனாரே" என்பார். இரண்டாவதுதான் அதிகம்.

போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாம். அதனால் எங்களைக் கூப்பிட்டார்கள். மணி ஒன்று நாற்பது. நாங்கள் நின்றிருந்தது பொதுக் கணினி மையம். ஏழெட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கூட்டுக் குடும்பமாக நடத்தும் இடம். வானிலைக்காரன், விண்வெளிக்காரன், பூச்சி ஆராய்கிறவன், எல்லோருக்கும் அதே கணினிகள்தான். ஒரு மூலையில் இந்தப் பட்டியலுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் கறுப்பு அலமாரிகள் இரைந்துகொண்டிருந்தன. உள்ளே குளிர் என்பதால் மேற்பார்வையாளர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஆனாலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"திருட்டுதான் மேடம். வெளியிலேர்ந்து யாரோ நுழைஞ்சு அழிச்சிருக்கான். நாலாயிரத்துல அறுபத்து மூணு பக்கம்தான் மிச்சம்."

"அந்த அறுபத்து மூணை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"பை நிறைஞ்சிருக்கும்," என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மா மார்போடு அணைத்திருந்த நீல நோட்டையே பார்த்தார். "அது என்ன நோட்டு?"

"திருத்த நோட்டு. எந்தப் பக்கத்துலயாவது தப்பு இருந்தா சரி பண்ணிட்டு நம்பரும் தேதியும் எழுதி வைப்போம்."

"கொடுங்க. தம்பி, மிச்சமிருக்கிற நம்பரைப் படி."

"பதினாலு."

"இருக்கு."

"நூத்தி ஆறு."

"இருக்கு."

"முந்நூத்தித் தொண்ணூறு."

"இருக்கு." அண்ணியின் விரல் நோட்டில் இறங்கிக்கொண்டே போனது. இருபது எண் தாண்டியதும் வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். "மீதியும் இருக்கும். போன மூணு மாசத்துல திருத்தின பக்கம் அறுபத்து மூணு. மிச்சமிருக்கிறதும் அறுபத்து மூணு. நம்ம திருடன் தப்பு இருந்த பக்கத்தையெல்லாம் விட்டுட்டு, சரியா இருந்ததை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான்."

"பிழை இருந்ததெல்லாம் பிழைச்சிருக்கு அண்ணி."

"காலையிலேர்ந்து இப்பதான் உருப்படியா ஒரு வார்த்தை பேசியிருக்கே." மேற்பார்வையாளரிடம் திரும்பினார். "உங்க இடத்துல எதையாவது தானா அழிக்கிற வழக்கம் உண்டா?"

"தற்காலிகப் பகுதியில உண்டு. தொண்ணூறு நாள் யாரும் தொடாத கோப்பு தானாப் போயிடும். பொது இடம் பாருங்க, ஒருத்தரே அடைச்சுக்கிட்டு உட்காரக் கூடாது. அதுக்கு நகலும் எடுத்து வைக்கிறதில்லை. பட்டியலும் அங்கதான் இருக்கு. ஆனா இதுக்கு அது பொருந்தாது மேடம். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் படிக்கிறாங்களே!"

"படிச்சா தொட்டதா ஆகுமா?"

அவர் கணினியில் விதிப் பக்கத்தைத் திறந்து படித்தார். மூடினார்.

"ஆகாது. ஒவ்வொருத்தர் படிக்கிறதையும் கோப்புல குறிச்சா மெஷின் மெதுவாகுதுன்னு அதை நிறுத்தி வச்சிருக்கோம். எழுதினாத்தான் தொட்டதா ஆகும்."

ஆயிரம் பேர் கண்ணால் தொட்டதெல்லாம் கணக்கில் வரவில்லை. தப்பே இல்லாத பக்கத்தை யாரும் திருத்தவில்லை. திருத்தாததால் அது அனாதை. பதினைந்து வருட உழைப்பைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது இப்படித்தான்.

"ரெண்டு வாரத்துக்குன்னு சொல்லித்தானே தற்காலிகப் பகுதியில வச்சீங்க?" டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. "மூணு வருஷமாச்சு. அப்பல்லாம் போகலையே?"

"அப்ப நீங்க வாராவாரம் முழுப் பட்டியலையும் புதுசா எழுதிக்கிட்டு இருந்தீங்க. மத்தவங்க வேலை தாமதமாகுதுன்னு மூணு மாசம் முன்னாடி நாங்கதான் நிறுத்தச் சொன்னோம்."

"நானும் நல்ல பிள்ளையா நிறுத்தினேன்," என்றார் டாக்டரம்மா. சுவரில் சாய்ந்துகொண்டார்.

குற்றவாளி கிடைத்துவிட்டான். ஆனால் குற்றவாளியைப் பிடித்து என்ன செய்ய? அங்கே ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் பயத்தில் உளறினார். "தளத்து வாசல்ல யார் வந்து எந்தப் பக்கத்தைக் கேட்டாங்கன்னு தனியா ஒரு பதிவேடு உண்டு மேடம். பார்த்தேன். 2217-ஐப் பதினாலு மாசத்துல ரெண்டே ரெண்டு தடவைதான் திறந்திருக்காங்க. ரெண்டு பேர் பார்த்த பக்கத்துக்குப் போய்..."

டாக்டரம்மா பார்த்த பார்வையில் அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"அந்த ரெண்டு பேர் யாரு?" என்றார் அண்ணி.

"அதை எடுக்க மேலிடத்து அனுமதி வேணும். மூணு மணி நேரமாவது ஆகும்."

"கேட்டு வைங்க. கிடைச்சதும் டாக்டருக்குப் போன் பண்ணுங்க." அண்ணி என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி அதன் மூடியைக் கடித்தார். யோசிக்கும்போது என் பேனாவைக் கடிப்பதுதான் அவர் வழக்கம். "டாக்டர், பாராட்டுறவன் ரெண்டு வரி படிச்சுட்டுப் போயிடுவான். குறை சொல்றவன்தான் ஒரு எழுத்து விடாமப் படிப்பான். உங்களுக்கு அதிகமாக் குறை எழுதுறது யாரு?"

டாக்டரம்மா முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. "நொட்டை சார்."

"என்ன பேர் இது?"

"நாங்க வச்ச பேர். இங்க கமா இல்லை, அங்க புள்ளி இல்லை, இந்த வார்த்தையில ஒற்று மிகும்... தினமும் ஒரு நொட்டை. முதல்ல பதில் போட்டோம். அப்புறம் முடியலை. எல்லாக் கடிதத்துலயும் 'இதை நீக்க வேண்டும்'னு இருக்கும். 'நீக்க'ன்னு வர்ற கடிதமெல்லாம் தானாக் குப்பைக்குப் போற மாதிரி வச்சுட்டோம்."

"குப்பையைத் திறங்க."

திறந்தார். முப்பது நாளுக்கு முந்தைய குப்பை தானாக அழிந்துவிடுமாம். அந்த இடத்தில் எதுவுமே நிற்காது போலிருக்கிறது. மீதியில் நொட்டை சாரின் கடிதங்கள் முப்பத்தெட்டு. 2217 பற்றி ஒன்றும் இல்லை. நடுநடுவே மையத்துக் கணினி தானாக அனுப்பிய மூன்று கடிதங்கள். 'உங்கள் கோப்புகளை முப்பது நாளில் நீக்க இருக்கிறோம்.' 'பதினைந்து நாளில் நீக்க இருக்கிறோம்.' 'நாளை நீக்க இருக்கிறோம்.'

மூன்றிலும் அந்த வார்த்தை இருந்தது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

நொட்டை சாரின் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வீட்டு முகவரி இருந்தது. அதற்குக் கீழே: 'தொலைபேசி கிடையாது. கேட்க வேண்டாம்.'

"போகலாம்," என்றார் அண்ணி. "கொழுந்தனாரே, வண்டியை எடுங்க."

டாக்டரம்மாவின் காரை நான் ஓட்டினேன். நகரத்தில் உள்ள எல்லாச் சிவப்பு விளக்கும் எங்களுக்காகவே எரிந்தன. மணி இரண்டு ஐம்பது. போன் அடித்தது.

"வலியில துடிக்கிறா. நாலு வரைக்கும் பார்ப்பேன் டாக்டர்," என்றார் மயக்க டாக்டர். "பதில் வரலைன்னா ஊசிதான். இங்க எல்லாருக்கும் வழக்கமாக் கொடுக்கிறது அதுதான். வேற என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன சொல்றாங்க? சொல்லிட்டாங்களா?" அம்மாவாக இருக்க வேண்டும்.

முகவரியில் சொன்ன தெருவில் ஒரே மாதிரி மூன்று கட்டடங்கள். எதிலும் எண் இல்லை. சுண்ணாம்பு அடித்தபோது எண்களையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். "மூணையும் கதவு கதவாத் தட்டினா நாலரை ஆயிடும்," என்றேன்.

அண்ணி முதல் கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தார். 'தன்னீர் மாலை ஆறு மனிக்கு வரும்' என்று ஒரு அட்டை. "இது இல்லை," என்றார். இரண்டாவது கட்டடத்திலும் அதே அட்டை, அதே கையெழுத்து. ஆனால் தன்னீரின் 'ன்னீ' மேல் சிவப்பு மைக் கோடு. பக்கத்தில் அழகாக 'ண்ணீ'. மனிக்கும் அதே வைத்தியம்.

"இங்கதான்," என்றார். படியேறத் தொடங்கிவிட்டார்.

முதல் மாடியில் 'லிப்ட் பளுது'. சிவப்பு மையில் 'பழுது'. இரண்டாவது மாடியில் 'கைப்பிடி ஆடுகிரது'. சிவப்பு மையில் 'ஆடுகிறது'. மூன்றாவது மாடியில் நான்கு கதவுகள். மூன்றில் ஆளுக்கொரு தப்போடு பால்காரருக்குக் குறிப்பு. நான்காவது கதவில், 'மணி வேலை செய்யவில்லை. தட்டவும்.' ஒரு எழுத்துப் பிசகில்லை.

தட்டினோம். மணி மூன்று பதினைந்து.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், நான்தான் அந்த நோய்ப் பட்டியலை..." என்று ஆரம்பித்தார்.

"பதில் போட இத்தனை நாளா?" என்றார் அவர். வழியை விட்டார்.

முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவராம். வீட்டில் ஒரு பழைய கணினி, ஒரு பிரிண்டர், ஒரு கட்டில். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தாள். "ரிட்டயர் ஆனதும் கை அரிச்சுது. பேப்பர்ல தப்பு பார்த்து எழுதினேன், ஒருத்தனும் மதிக்கலை. இந்தப் பட்டியல்ல தப்பு வந்தா உயிர் போகும்னு தோணிச்சு. சரி, இதைப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். நாலாயிரம் பக்கமும் அச்செடுத்துப் பார்த்தாச்சு. திரையில தப்பு தெரியாதும்மா. தாள்லதான் தெரியும்."

"நாலாயிரமும் இங்க இருக்கா?" டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே இருக்கும்? தப்பு உள்ளதை மட்டும் வச்சிருக்கேன். சரியா இருக்கிறதை வச்சு என்ன பண்றது? மாசாமாசம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடுவேன்."

கணினி செய்த அதே காரியத்தை இந்த மனிதரும் செய்திருந்தார். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். பழைய பேப்பர் கடையில் தேடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மூன்று இருபது. கேட்கவில்லை.

அண்ணி மட்டும் நின்றுகொண்டே இருந்தார். "சார், ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு பார்த்த ஞாபகம் இருக்கா?"

கிழவர் முகம் சிவந்தது. "ஞாபகமா? நாலு கடிதம் எழுதியிருக்கேன்! ஒண்ணுக்காவது பதில் உண்டா?" விடுவிடுவென்று அலமாரிக்குப் போய் ஒரு கட்டைப் பிரித்தார். ஒரு தாளை உருவி டாக்டரம்மாவின் மடியில் போட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு அட்டவணை. 'ஊசி வழி: தரலாம். மூச்சு வழி: கூடாது.'

"ஊசி!" என்று கத்திவிட்டேன். "போன் பண்ணுங்க, ஊசியாம்!"

"வாயை மூடு," என்றார் அண்ணி. அட்டவணையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதிலிருந்து ஒரு கோடு பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. 'ஏழாவது குழந்தைக்கு ஊசி வழி மயக்கம் கொடுத்ததும் இதயம் நின்றுவிட்டது. மூச்சு வழி கொடுத்த நான்கு குழந்தைகளும் நலம்.' அதையும் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், ஒரு கேள்விக்குறி.

"எது சரின்னு எனக்குத் தெரியாது," என்றார் நொட்டை சார். குரல் தணிந்திருந்தது. "நான் டாக்டர் இல்லை. ரெண்டும் ஒரே பக்கத்துல சரியா இருக்க முடியாது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் குறிப்பை நான் எழுதினேன்," என்றார் மெதுவாக. "அந்த ஏழாவது குழந்தையோட அப்பாகிட்ட நானே பேசினேன். 'ஊசி போட்டதும் போயிடுச்சு'ன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இப்ப ஞாபகம் வருது. அட்டவணை மெஷின் போடுறது. ஊசி, மூச்சு, ரெண்டு தலைப்பும் இடம் மாறியிருக்கு."

போனை எடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"டாக்டர் உள்ள போயிட்டாரும்மா. குழந்தைக்கு நாடி இறங்கிடுச்சு, நாலு மணி வரைக்கும் தாங்காதுன்னு..."

"ஊசி போட்டாச்சா?"

"தெரியலையே."

"ஓடு!" டாக்டரம்மா எழுந்து நின்று அலறினார். "மூச்சு! மூச்சு வழிதான்! ஊசி வேண்டாம்னு சொல்லு, ஓடும்மா!"

போனில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அண்ணி என் பேனா மூடியைக் கடித்தே உடைத்துவிட்டார். கடைசியில் மூச்சிரைக்க மயக்க டாக்டர் வந்தார்.

"கையில எடுத்துட்டேன் டாக்டர். போடலை."

ஐந்து மணிக்கு மறுபடி பேசினார். சிறுமி கண் விழித்து அம்மாவைக் கேட்டாளாம். டாக்டரம்மா நொட்டை சாரின் காலடியில், தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிழவர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அப்போதுதான் உறைத்தது. "அண்ணி, தளம் இன்னிக்கு நல்லா இருந்திருந்தா..."

"அட்டவணையைப் பார்த்து ஊசியைப் போட்டிருப்பாங்க," என்றார் அண்ணி. "அவசரத்துல பொடி எழுத்தை யார் படிக்கிறது? நீயே படிக்கலையே."

நொட்டை சார் தாளுக்குக் கை நீட்டினார். "தப்பு தெரிஞ்சாச்சுல்ல? கொடுங்க, கட்டை மூடுறேன்." டாக்டரம்மா கொடுக்கவில்லை. தாளின் மூலையில் கிழவர் தான் கடிதம் எழுதிய தேதிகளைக் குறித்து வைத்திருந்தார். முதல் தேதி பதினோரு மாதத்துக்கு முந்தையது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் மேற்பார்வையாளர்.

"அனுமதி கிடைச்சுடுச்சு மேடம். 2217-ஐத் திறந்த ரெண்டு பேர். முதல் ஆள், பதினோரு மாசம் முன்னாடி, இந்த ஊர்லயே ஒரு வீடு."

"அது நான்தான்," என்றார் நொட்டை சார்.

"ரெண்டாவது, ஏழு மாசம் முன்னாடி. ஒரு ஆஸ்பத்திரி. காலையில ஏழு ஐம்பதுக்குத் திறந்திருக்காங்க. ஒரே நிமிஷம்தான் பார்த்திருக்காங்க."

ஆபரேஷன்களை எட்டு மணிக்குத் தொடங்குவார்கள் என்பது எனக்கே தெரியும். ஒரு நிமிடத்தில் அட்டவணையைத் தாண்டிப் படிக்க முடியாது என்பதும் தெரியும். டாக்டரம்மா தாளில் இருந்த முதல் தேதியை மறுபடி பார்த்தார். பிறகு அந்த ஆஸ்பத்திரியின் போன் எண்ணைக் கேட்டு, திருத்த நோட்டில் எழுதிக்கொண்டார்.

எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அந்த எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.